வீட்டில் காத்திருப்பவருக்கு ஒரு செயலி

கேள்வி: நான் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கொட்டாஞ்சேனையில் குடும்பத்தோடு இருக்கிறோம். என் தம்பி மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறான். மூன்று வாரத்துக்கு முந்தி ஓர் இரவு அவனை வீதியில் மறித்து, அடையாள அட்டையை (ஐசி) வாங்கிப் பார்த்து, சொந்த ஊர் எது என்று கேட்டு, பிறகு பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். போனை வாங்கி வைத்துவிட்டார்கள். இரவு முழுக்க எங்களுக்கு ஒன்றும் தெரியாது. காலையில் விட்டுவிட்டார்கள், வழக்கு ஒன்றும் இல்லை. சிங்களத்தில் எழுதிய எதிலோ கையெழுத்து மட்டும் வாங்கியிருக்கிறார்கள். இதற்குப் பிறகு நானும் இரண்டு நண்பர்களும் ஒரு செயலி செய்யத் தொடங்கியிருக்கிறோம். பட்டனை அமத்தினால் வீடியோ பதிவாகி நேரே பேஸ்புக்கில் போகும். எங்கே சோதனைச் சாவடி இருக்கிறது என்று பாவனையாளர்களே வரைபடத்தில் குறிக்கலாம். யாரை எங்கே மறித்தார்கள் என்ற விவரமும் எங்களிடம் சேரும். இது சட்டப்படி சரியா? வீடியோ நீதிமன்றத்தில் எடுபடுமா? வேறு என்ன சேர்க்க வேண்டும்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொழும்பு 13

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

செயலியைப் பற்றிப் பேச முதல் தம்பியின் விஷயத்தைப் பார்த்துவிடுவோம், அதற்குத் தவணை இருக்கிறது. அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்தில் மனுப்போட அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருகிற காலம் ஒரு மாதம்தான். அதில் மூன்று வாரம் போய்விட்டது.

வழக்குப் போடாமல் விட்டது நல்லதுதான். ஆனால் அதனால் அந்த இரவு கைதே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. நமசிவாயம் எதிர் குணவர்தன என்ற வழக்கில், பஸ்ஸில் பயணம் செய்துகொண்டிருந்த ஒருவரைத் தன்னோடு பொலிஸ் நிலையத்துக்கு வரும்படி அதிகாரி சொன்னபோதே அவர் சட்டப்படி கைதாகிவிட்டார் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. தன் வழியில் தொடர்ந்து போக முடியாமல் தடுக்கப்பட்டாரா என்பதைத்தான் நீதிமன்றம் பார்த்தது. "சும்மா விசாரிக்கத்தான் கூப்பிட்டோம்" என்ற பேச்சு அதை மாற்றாது. கைது என்றால் காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும், அது அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை.

இன்றைக்கே தம்பியை உட்கார வைத்து, அவன் சொல்வதை அவன் சொற்களிலேயே எழுதி எடுங்கள். எந்தச் சந்தி, என்ன நேரம், எத்தனை பேர், சீருடையா சிவில் உடையா, சட்டையில் இலக்கம் தெரிந்ததா, போனை யார் வாங்கினார், எப்போது திருப்பித் தந்தார், கையெழுத்து வைத்த தாள் எப்படி இருந்தது. அன்றிரவு அவன் கடைசியாக எடுத்த ஓடரின் நேரம் அவன் வேலை செய்யும் செயலியிலேயே இருக்கும், அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் கொண்டுபோய் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். காசு பிரச்சினை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. அங்கேயும் அதே மாதத்துக்குள் முறைப்பாடு கொடுங்கள். ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்று அதன் சட்டம் சொல்கிறது. ஆனால் முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்று காட்ட வேண்டும் என நீதிமன்றம் கேட்டிருக்கிறது. ஆகவே அதை நம்பி மாதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

மனுப்போடுவதா இல்லையா என்பது தம்பியின் முடிவு. அவன் பயந்தால் அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது. நாள் மிச்சம் இருக்கும்போது அவனே முடிவெடுக்கட்டும்.

சரி, இனிச் செயலி.

உங்கள் திட்டத்தில் எல்லாமே வீதியில் நிற்பவரின் கையில் இருக்கிறது. பட்டன் அவருக்கு, கமரா அவருக்கு, வரைபடமும் அவருக்கு. ஆனால் உங்கள் கடிதத்தில் உங்களை உலுப்பிய இடம் வேறு. போனை வாங்கி வைத்துவிட்டார்கள், இரவு முழுக்க எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறீர்கள். நடுச்சாமத்தில் சட்டத்தரணிகளுக்கு வரும் அழைப்பும் அநேகமாக இதுதான். அடித்தார்களா, என்ன கேட்டார்கள் என்று யாரும் தொடங்குவதில்லை. "எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை ஐயா" என்றுதான் தொடங்குகிறார்கள். ஓர் ஆள் எங்கே இருக்கிறார் என்று வெளியில் யாருக்கும் தெரியாத அந்தச் சில மணித்தியாலங்களில்தான் அநேகமான அநியாயங்கள் நடக்கின்றன. ஆள் இருக்கும் இடம் வீட்டுக்குத் தெரியும், ஒரு சட்டத்தரணி வந்துகொண்டிருக்கிறார் என்று நிலையத்துக்குத் தெரிந்தால் நடத்தையே மாறும். ஆகவே இந்தச் செயலியை வீட்டில் இருப்பவருக்காகக் கட்டுங்கள். வீதியில் நிற்பவர் அதைத் தொடத் தேவையே இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஏன் கமராவை முன்னுக்கு வைக்க வேண்டாம் என்கிறேன் என்று கேட்பீர்கள். 2012இல் நியூயோர்க் சிவில் உரிமைகள் சங்கம் "ஸ்டொப் அண்ட் ஃப்ரிஸ்க் வொச்" என்று ஒரு செயலியை வெளியிட்டது. கறுப்பின, லத்தீன் இளைஞர்களை வீதியில் மறித்து உடலைத் தடவிச் சோதிக்கும் வழக்கம் அந்த நகரில் உச்சத்தில் இருந்த காலம். போனை உலுக்கினால் பதிவு நின்று, வீடியோ சங்கத்துக்குப் போய்ச் சேரும். அக்கம் பக்கத்தில் மறித்தால் மற்றப் பாவனையாளர்களுக்குத் தகவல் வரும். ஆனால் அதைச் செய்த சங்கமே சொன்ன விஷயம், இது பார்த்துக்கொண்டு நிற்பவருக்கான செயலி, மறிக்கப்பட்டவர் பாவிப்பதற்கு இல்லை என்பதுதான். துவக்கோடு நிற்கும் ஒருவருக்கு முன்னால், இருட்டில், கை பொக்கெட்டுக்குள் போவது எந்த நாட்டிலும் ஆபத்து. 2016இல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீலை வாகனத்தில் மறித்த பொலிஸ்காரர் அவரைச் சுட்டார். பக்கத்துச் சீட்டில் இருந்த துணைவி உடனே பேஸ்புக் நேரலையில் காட்டினார், உலகமே பார்த்தது. சுட்டவர் அடுத்த வருடம் விடுதலையானார். 2020இல் மினியாபொலிஸில் பொலிஸ் பிடியில் இறந்த ஜோர்ஜ் ஃப்ளொய்டுக்கு நடந்ததைப் பதிவு செய்தவர் நடைபாதையில் நின்ற 17 வயதுப் பெண். அந்தப் பதிவு 2021இல் ஒரு பொலிஸ்காரரைக் குற்றவாளியாகக் காண உதவியது. வீடியோவால் பிறகு நீதி கிடைக்கலாம். அந்த நிமிடத்தில் அது ஆளைக் காப்பாற்றும் என்று நம்பி ஒரு தம்பியை வீதியில் விடாதீர்கள்.

இங்கே, பொது வீதியில் கடமையில் உள்ள பொலிஸாரைப் படம் எடுப்பதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் இல்லை. ஆனால் அரச ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்தல் என்ற குற்றம் தண்டனைச் சட்டக்கோவையின் 183ஆம் பிரிவில் இருக்கிறது. முகத்துக்கு நேரே நீட்டிய போன் அந்தக் குற்றச்சாட்டுக்கு வழிவிடும். இராணுவ முகாமுக்குப் பக்கத்தில் கமராவைத் தூக்குவது அதைவிடச் சிக்கல், அங்கே அரச இரகசியங்கள் சட்டம் வந்து நிற்கும். ஆகவே கமரா இருக்கட்டும், ஆனால் பின்சீட்டில் இருப்பவருக்கும் எதிர்க்கடைக்காரருக்கும். அவர்களுக்கான திரையில் முதல் வரியாக "தள்ளி நின்று எடுங்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள்" என்று போடுங்கள்.

நீதிமன்றத்தில் எடுபடுமா என்றால், எடுபடும். 1995ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சாட்சியம் விசேட ஏற்பாடுகள் சட்டம் சம்பவம் நடந்தபோதே எடுத்த ஒலி, ஒளிப் பதிவுகளை ஏற்க வழி செய்கிறது. பதிவு செய்த கருவி ஒழுங்காக வேலை செய்தது, பதிவில் யாரும் கை வைக்கவில்லை என்று காட்ட வேண்டும், எதிர்த்தரப்புக்கு வழக்கு விசாரணைத் திகதிக்கு 45 நாளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். ஆகவே மூலக் கோப்பை அப்படியே வைத்திருப்பது முக்கியம். வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கி, எடுத்த திகதி, நேர விவரமும் கழன்றுவிடும். கோப்பாக அனுப்பினால் தப்பும். பதிவு முடிந்த உடனே அதற்கு ஒரு ஹாஷ் எண் (கோப்பில் சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்) போட்டு, அந்த எண்ணை மட்டும் வீட்டுப் போனுக்கு அனுப்பும்படி செய்யலாம். பிறகு யாராவது வெட்டி ஒட்டியது என்று சொன்னால் பதில் இருக்கும்.

பேஸ்புக் நேரலையை எடுத்துவிடுங்கள். தம்பி பதற்றத்தில் உளறுவதும் நேரலையில்தான் போகும், அதை நாளைக்கு அவனுக்கு எதிராகவே கொண்டுவருவார்கள். பின்னால் நிற்கும் பிள்ளையின் முகமும் அதில் போகும். 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு இருக்கிறது, பொய்யான கூற்று என்று ஒருவர் முறைப்பாடு செய்தால் நீங்கள் மூன்று பேரும் பதில் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும். பதிவு முதலில் வீட்டுக்கும் சட்டத்தரணிக்கும் போகட்டும். பகிரங்கப்படுத்துவதை மறுநாள், நிதானமாக, சம்பந்தப்பட்டவரே தீர்மானிக்கட்டும்.

சாவடி வரைபடமும் வேண்டாம். சாவடியைக் கண்டு பைக்கைத் திருப்புகிறவரைத்தான் முதலில் துரத்துவார்கள். 2023 டிசம்பரில் தொடங்கிய "யுக்திய" நடவடிக்கை காலத்தில் போதைப்பொருள் தேடல் என்று எவ்வளவு பேரை மறித்தார்கள் என்பது உங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அப்படியொரு நேரத்தில், பொலிஸாரைத் தவிர்க்க உதவும் செயலி என்ற பெயர் வந்தால், அதைப் போனில் வைத்திருப்பதே சந்தேகத்துக்குக் காரணமாகும். இன்னொன்றும் சொல்கிறேன்: செயலியை வேறு ஏதோ போல மறைத்து வைக்கும் யோசனை உங்களுக்கு வரக்கூடும். கல்குலேட்டர் படத்தைப் போட்டு ஒளித்த செயலியைப் பொலிஸார் கண்டுபிடித்தால் அதை விளக்க யாராலும் முடியாது. பெயரை வெளிப்படையாக வையுங்கள். திறந்து பார்த்தால் சட்டப் பக்கங்களும் ஒரு பயண நேரமும்தான் தெரிய வேண்டும்.

யாரை எங்கே மறித்தார்கள் என்று நீங்கள் சேர்க்க நினைக்கும் விவரங்கள்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம். அது என்ன என்று யோசித்துப் பாருங்கள். கொழும்பில் வசிக்கும், பொலிஸாரின் கவனத்துக்கு வந்த தமிழர்களின் பெயர், முகவரி, நடமாட்டம், குடும்பத்தாரின் இலக்கங்கள், எல்லாம் ஒரே இடத்தில். 1983 ஜூலையில் இந்த நகரத்தில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்ததை உங்கள் அம்மம்மா, அப்பம்மா வயதில் உள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜுகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுப்போட்டு, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால் அது நின்றது. யார் எங்கே தங்குகிறார் என்ற பதிவு எவர் கையிலோ இருந்தபடியால்தான் இப்படியெல்லாம் செய்ய முடிந்தது. நல்ல நோக்கத்தோடு நீங்கள் சேர்க்கும் பட்டியலும் பட்டியல்தான். நீதிமன்றக் கட்டளையோடு வந்து, விவரம் சேமித்திருக்கும் கணினியை (server, சேர்வர்) கேட்டால் கொடுக்க வேண்டும், யாராவது உடைத்து எடுத்தால் அதுவும் முடிந்தது. இன அடையாளம், குற்றச்சாட்டு தொடர்பான விவரங்களை 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் விசேட வகைத் தரவாகத்தான் பார்க்கிறது. உங்களிடம் இல்லாததை யாரும் கேட்டு வாங்க முடியாது. சேர்வரே இல்லாமல், விவரம் எல்லாம் குடும்பத்தாரின் போன்களிலேயே இருக்கும்படி செய்யுங்கள். கணக்கெடுப்பு வேண்டுமென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகும் முறைப்பாடுகள் அதைச் செய்யட்டும்.

அப்படியென்றால் செயலியில் என்னதான் இருக்கும்? நான் மனதில் வைத்திருப்பது இது.

தம்பி வேலைக்குக் கிளம்பும்போது "11.15க்கு வருவேன்" என்று ஒரு தடவை அமத்துகிறான். அந்த நேரம் அம்மாவின் போனுக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு கணக்கெடுப்பது அம்மாவின் போன். தம்பியின் போனைப் பறித்தாலும், பற்றரி இறந்தாலும், அந்தக் கணக்கு ஓடும். 11.15 ஆகியும் "வந்துவிட்டேன்" வரவில்லை என்றால் அம்மாவின் போன் மணி அடிக்கும். ஐபோனில் 2023இலிருந்து "செக் இன்" என்று இப்படி ஒன்று இருக்கிறது, கூகுளின் "பர்சனல் சேஃப்டி" செயலியிலும் இருக்கிறது. ஆகவே இந்தப் பகுதி புதுமை இல்லை. முதலில் அவற்றை உங்கள் வீட்டிலேயே பாவித்துப் பாருங்கள். அவை மணி அடித்தபின் பேசாமல் இருந்துவிடும். உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

11.40. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைப் பார்க்கிறார். கை நடுங்குகிறது. சிங்களம் கடைப்பேச்சு அளவுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் அவருக்கு உறுப்புரை இலக்கங்கள் வேண்டாம். கடைசியாகத் தம்பி இருந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தின் இலக்கமும், அதைச் சுற்றியுள்ள நிலையங்களின் இலக்கங்களும் பெரிய எழுத்தில் வேண்டும். கொழும்பில் ஒரு சந்தியின் இந்தக் கரை ஒரு நிலையத்துக்கும் அந்தக் கரை வேறொரு நிலையத்துக்கும் உரியதாக இருக்கும், மறித்தவர்கள் கொழும்பு குற்றப் பிரிவாகவும் இருக்கலாம். "நாலாம் மாடிக்கு", அதாவது குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கு, "கொண்டுபோய்விட்டார்களோ" என்றுதான் அம்மா முதலில் யோசிப்பார். அநேகமாகப் பிள்ளை பக்கத்து நிலையத்தில்தான் இருப்பான். கிட்டத்திலிருந்து தொடங்கி வெளியே போகும் வரிசையைச் செயலி தர வேண்டும்.

அழைத்தால் கேட்க வேண்டியவை மூன்று. இன்ன பெயர், இன்ன அடையாள அட்டை இலக்கக்காரர் அங்கே இருக்கிறாரா? எந்தச் சட்டத்தின் கீழ், என்ன காரணத்துக்கு? பேசுகிறவரின் பெயர், பதவி என்ன? இந்த மூன்றும் சிங்களத்தில், தமிழ் எழுத்தில், வாசித்துச் சொல்லக்கூடியதாகத் திரையில் இருக்கட்டும். பக்கத்திலேயே ஒலியாகவும் போடுங்கள், போனை ஸ்பீக்கரில் போட்டு அதை ஓடவிட்டால்கூடப் போதும்.

ஒவ்வொரு அழைப்புக்கும் செயலி தானாக நேரத்தைக் குறித்து, கீழே ஒரு வரி எழுத இடம் கொடுக்கட்டும். "23.52. ஆண் குரல். அப்படி ஒருவரும் இல்லை என்றார்." "00.41. அதே நிலையம். விசாரணையில் இருக்கிறார் என்றார்." அடிப்படை உரிமை வழக்குகள் பெரும்பாலும் சத்தியக் கடதாசிகளை வைத்தே தீர்க்கப்படுகின்றன, சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதில்லை. ஆகவே அந்த நேரத்திலேயே எழுதிய இந்த இரண்டு வரிகளுக்கும் பெரிய பெறுமதி இருக்கிறது. பொலிஸ் நிலையப் புத்தகத்தில் கைது நேரம் காலை 5 மணி என்று எழுதியிருந்தால், நள்ளிரவு கடந்த 41ஆவது நிமிடத்தில் அவர் உள்ளே இருந்தார் என்று உங்களிடம் எழுத்தில் இருக்கும்.

"எந்தச் சட்டத்தின் கீழ்" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள், அடுத்த படி முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. சாதாரணக் கைது என்றால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, பயண நேரம் போக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் கதை வேறு. 72 மணித்தியாலம், அதோடு மூன்று மூன்று மாதமாக நீடிக்கும் தடுப்புக்காவல் உத்தரவுகள். 2022 திருத்தத்துக்குப் பிறகும் மொத்தம் 12 மாதம் வரை போகலாம். அந்தச் சொல் காதில் விழுந்த உடனேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996க்கு அழைக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் யாரைப் பிடித்தாலும் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கும் கடமை பிடித்தவர்களுக்கு இருக்கிறது, தடுத்து வைத்திருக்கும் இடத்துக்கு ஆணைக்குழு போகலாம்.

சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று அம்மா தயங்குவார். போகலாம். 2012இல் வர்த்தமானியில் வந்த பொலிஸ் விதிகளே, கட்சிக்காரருக்காக நிலையத்துக்கு வரும் சட்டத்தரணியைப் பொறுப்பதிகாரி மரியாதையோடு நடத்திப் பேச இடம் கொடுக்க வேண்டும் என்கின்றன. ஆனால் "உடனே சட்டத்தரணி" என்று ஒரு பட்டன் வைப்பதாக இருந்தால், இரவு இரண்டு மணிக்கு எடுக்கிறவர் உண்மையில் இருக்க வேண்டும். முறை வைத்து எடுக்கச் சம்மதித்த நாலைந்து பேர் கிடைக்கும்வரை அந்தப் பட்டனைப் போடாதீர்கள். அடித்துக்கொண்டே இருந்து எவரும் எடுக்காத இலக்கம் அந்த அம்மாவை இன்னும் உடைத்துவிடும்.

தொழில்நுட்பத்தில் ஒன்று. இணையத்தை மட்டும் நம்பாதீர்கள். 2018 மார்ச்சில், 2019 ஏப்ரலில், 2022 ஏப்ரலில் இந்த நாட்டில் சமூக ஊடகங்களை முடக்கினார்கள். அப்படியான நாட்களில்தான் இந்தச் செயலி அதிகம் தேவைப்படும். குறுஞ்செய்தி போக வேண்டும். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம் கிடையாது, 70தான். அதிலும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். "பொலிஸ்" கண்ணுக்கு மூன்று எழுத்து, குறுஞ்செய்திக்கு ஆறு. "பொலிஸ் மறித்தது. ஆமர் வீதி 21.47" என்றாலே 32 போய்விடும், வரைபட இணைப்பையும் ஒட்டினால் 70ஐத் தாண்டி இரண்டாக உடையும். ஒரு துண்டு வந்து மற்றது வராமல் போகலாம். ஆகவே சொல்லை முதலில் தனியாக அனுப்புங்கள், இணைப்பு பின்னால் வரட்டும். ஐபோனில் பாவனையாளர் அமத்தாமல் செயலி தானாகக் குறுஞ்செய்தி அனுப்ப முடியாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கணக்கை வீட்டுப் போனில் ஓடவிடச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீதியில் நிற்பவருக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆனால் அது வீட்டிலேயே வாசித்து மனதில் வைத்துக்கொள்ளும் பக்கம். கைகளைத் தெரியும்படி வை. லைசன்ஸ், ஐசி கேட்டால் கொடு, அதில் வாதம் வேண்டாம். ஓடாதே. பெண்களைப் பெண் பொலிஸார்தான் சோதிக்கலாம். கூட்டிக்கொண்டு போனால் ஏன் என்று ஒரு தடவை, மரியாதையாகக் கேள். பிறகு, உங்கள் தம்பிக்கு நடந்த கையெழுத்து விஷயம். வாசிக்கத் தெரியாத வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டால், "சேர், மட்ட சிங்கள கியவன்ன பே" என்று சொல்லித் தமிழில் எழுதித் தரக் கேட்க வேண்டும். கேளாமல் வற்புறுத்தினால், கையெழுத்துக்கு மேலே தமிழில் "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது" என்று எழுதிவிட்டு வையுங்கள். அந்த ஒரு வரி வழக்கில் பிறகு நிறையச் செய்யும். இதைப் பள்ளிக்கூடம் முடித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆள் வீட்டுக்கு வந்ததும் செயலி மூடிவிடக் கூடாது. அடித்திருந்தால் அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், எப்படி நடந்தது என்று மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்படி கேட்க வேண்டும். காயங்களைப் படம் எடுக்கும்போது முகமும் காயமும் ஒரே படத்தில் வரும்படி ஒன்றாவது இருக்கட்டும். அப்புறம் அந்த ஒரு மாதம். 7ஆம் நாள், 14ஆம் நாள், 21ஆம் நாள் என்று செயலி ஞாபகப்படுத்த வேண்டும். சித்திரவதைக்கு ஆளானவர்கள் பலர் முதலில் எதைப் பற்றியும் பேசப் பிரியப்படுவதில்லை, அது இயல்பு. அவர்கள் பேசத் தயாராகும்போது தவணை முடிந்துபோயிருக்கும். அது நடக்காமல் பார்த்துக்கொள்வதற்காகவே இந்தச் செயலியைச் செய்யலாம் என்பேன்.

தமிழில் தொடங்குங்கள், ஆனால் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கூடவே வெளியிடுங்கள். பொலிஸ் காவலில் அடி வாங்குவது தமிழர் மட்டும் இல்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம் குடும்பங்கள் பட்டதை மாளிகாவத்தையில் கேளுங்கள். கிராண்ட்பாஸ், வனாத்தமுல்லைத் தோட்டங்களில் சிங்களப் பிள்ளைகளின் அம்மாமாரும் இதே மாதிரித்தான் நிலைய வாசலில் நிற்கிறார்கள். எல்லோரும் பாவிக்கும் செயலியை ஒரு சமூகத்தின் செயலி என்று முத்திரை குத்துவது கஷ்டம், உங்களுக்கும் அது பாதுகாப்பு.

முதல் வடிவத்தை ஓட்டிப் பார்க்கத் தம்பியின் கூட்டாளிகள், சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர்கள், புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள் போதும். அவர்களைவிட முக்கியமாக அவர்களுடைய அம்மாமாரிடம் கொடுத்துப் பாருங்கள், பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்காமல். பொலிஸார் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டாம். திரையில் வரும் சட்ட வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பினால் பார்த்துத் திருத்தித் தருகிறேன். தம்பி எழுதியதைத் திங்கட்கிழமைக்குள் ஒரு சட்டத்தரணியின் கையில் கொடுத்துவிடுங்கள்.